திருப்பித் தராதோர் பட்டியல்

அத்தியாயம் 4

செருப்பை வெளியே விடவும் என்று பல்கலைக்கழக நூலக வாசலில் எழுதியிருந்தது. அம்மன் கோயிலுக்குப் போனால்கூட செருப்பை வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிற வல்லரசு, அந்தப் பலகையை இரண்டு தடவை படித்தான்.

“இன்னாக்கா இது? உள்ள சாமி எதுனா கீதா?”

“கம்ப்யூட்டர் இருக்கு. தூசி படக்கூடாதாம். கழட்டுடே,” என்றாள் தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. உடன்குடியிலிருந்து ராயபுரத்துக்கு வாழ வந்தவள். தம்பியின் கருப்பட்டி மொத்தக்கடை மாடியில் ‘புஷ்பம் துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. வல்லரசு வியாசர்பாடிக்காரன். ஃபுட்பாலில் கோல்கீப்பராக இருந்து, முப்பது வயதில் முட்டி போய், நாலு வருஷமாக இவளிடம் இருக்கிறான். வண்டி ஓட்டுவது, பேச்சுக் கொடுப்பது, தேவைப்பட்டால் அடி வாங்குவது என்று மூன்று வேலை. மூன்றாவது வேலை அதிகம் வந்ததில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வெள்ளிக்கிழமை, மணி இரண்டே கால். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றன. மணலிப் பக்கத்துக் காற்று அழுகிய முட்டை வாசனையோடு நூலகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதற்கு யாரும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை.

அறிவிப்புப் பலகையின் அருகில் கார்குழலி நின்றிருந்தாள். இன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் கருப்பட்டிக்கடை மாடி ஏறி வந்த பெண் அவள்தான். இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி முடித்தவள். எண்ணூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. இன்று ஐந்து மணிக்குள் எல்லாச் சான்றிதழும் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த பெயருக்கு வேலை. ஒரே ஒரு காகிதம் பாக்கி. அவளிடம் நூலகப் புத்தகம் எதுவும் இல்லை என்று நூலகம் எழுதிக் கொடுக்க வேண்டும். நூலகமோ, இருக்கிறது என்கிறது.

பலகையில் ‘திருப்பித் தராதோர் பட்டியல்’ தொங்கியது. அதில் ஒரே ஒரு பெயர், இங்கிலீஷ் பெரிய எழுத்தில்: ‘துரை, கே.’

“துரை யாரு?” என்றான் வல்லரசு.

“எங்க நைனாதாண்ணா.”

“அவுரும் இங்க படிக்கிறாரா?”

“அவரு பெரம்பூர்ல ரயில்வே ஃபிட்டரு. இது நாந்தான்.”

வல்லரசு பட்டியலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி பட்டியலைப் பார்த்தான்.

“என் பேரு து. கார்குழலி,” என்றாள் அவள். “மே மாசம் புதுசா கம்ப்யூட்டரு வந்துச்சு. அதுக்குக் குடும்பப் பேரு வோணுமாம். நமக்கு ஏதுண்ணா குடும்பப் பேரு? இனிஷியல விரிச்சு எங்க நைனா பேர முன்னால போட்டுட்டாங்க. என்ன ஒரே எழுத்தாக்கிட்டாங்க. மாத்துங்கன்னு கேட்டேன். சாஃப்ட்வேர் ஒத்துக்காதுன்ட்டாங்க. கவுன்டர்ல ‘துரை’ன்னு கூப்புட்டா நாந்தான் போயி நிப்பேன்.”

“பேஜாரு,” என்றான் வல்லரசு. “எத்தினி நாளா இது தொங்கினுகீது?”

“பதினோரு நாளு. நைனாவோட வேல செய்யறவரு பொண்ணும் இங்கதான் படிக்குது. ஒர்க் ஷாப் ஃபுல்லா தெரிஞ்சுபோச்சு. நைனா என்ன ஒண்ணுமே கேக்கலண்ணா. சாப்புட்டு, கைய கழுவிக்கினு, படுத்துடறாரு.” அவள் பட்டியலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “கேட்டுட்டார்னா கூட தேவல.”

தங்கபுஷ்பம் அவள் தோளைத் தட்டினாள். “வா. முதல்ல உங்க பெரியவரப் பாத்துட்டு வருவோம்.”

நூலக இயக்குநரை அந்த வளாகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாட்ச்மேன் முதல் துணைவேந்தர் வரைக்கும் ‘கே.டி. சார்’ என்றுதான் சொல்வார்கள். அறைக்கதவில் ‘இயக்குநர்’ என்று மட்டும் பித்தளையில் மின்னியது.

“எங்க ஏரியாவுல கேடின்னா ஸ்டேஷன் போர்டுலதான்க்கா பேரு இருக்கும்,” என்று வல்லரசு கிசுகிசுத்தான். “இங்க ரூமு குடுத்து ஏசி போட்டுக்கீறாங்கோ.”

“வாய மூடிக்கிட்டு வா.”

அறைக்குள் குளிர் தூக்கலாக இருந்தது. மேசை மேல் ஊதா சாட்டின் துணி விரித்து, அதன் மேல் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. அது நல்ல உயரத்தில் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த கே.டி. சார் அணிவகுப்பில் நிற்பவரைப் போல நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலண்டர் ஆணியில் கழுத்துப்பட்டை ஒன்று மாட்டியிருந்தது. தங்கபுஷ்பம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இப்ப கழுத்து எப்படி இருக்கு சார்?”

“எவ்வளவோ பரவாயில்லை. ஜூனில்தான் ரொம்ப அவதி,” என்றவர் சுதாரித்துக்கொண்டார். “நீங்கள் யார்?”

சொன்னாள். துப்பறிபவர் என்றதும் அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்து போனது. அதற்குப் பிறகு அவர் பேசியது முழுக்க விவரம்தான். காணாமல் போனது சென்னைத் துறைமுகத்தின் பழைய அலைதடுப்புச் சுவர் வரைபடத் தொகுதி. நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. இரண்டு செங்கல் கனம். ஊரில் வேறு பிரதி இல்லை. ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அது ‘துரை, கே.’ பெயரில் வெளியே போயிருக்கிறது. அன்று இந்தப் பெண் நூலகத்தில் இருந்திருக்கிறாள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. இவளுடைய ஆராய்ச்சியும் துறைமுகக் கூலிகளைப் பற்றியது.

“நான் எடுக்கவே இல்ல சார்,” என்றாள் கார்குழலி.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா. நான் அவசரப்பட்டு முடிவு செய்கிறவன் இல்லை. விலாசத்தையும் எடுத்துப் பார்த்தேன். வியாசர்பாடி.”

வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வல்லரசுக்குக் காது சூடானது. இந்த மாதிரி முற்றுப்புள்ளிகளை அவன் ரேஷன் கடையிலும் பேங்கிலும் வேலை கேட்டுப் போன இடங்களிலும் நிறையப் பார்த்திருக்கிறான். இன்னும் பழகவில்லை. அக்கா காலை மிதித்ததால் பேசாமல் இருந்தான்.

“நாலு மணி வரைக்கும் நேரம்,” என்றார் கே.டி. சார். “அதற்குள் அந்தப் புத்தகம் என் மேசைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் போலீசில் எழுதிக் கொடுப்பேன். சான்றிதழ் கிடையாது.”

வெளியே கூடத்தில் நான்கு கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. தலைக்கு மேலே ஒரு பேனர்: ‘வாசகர்களுக்குப் புதிய வசதி! எந்தப் புத்தகம் எங்கே உள்ளது என்று நீங்களே தேடலாம்! வெளியே போன புத்தகத்துக்கு முன்பதிவு செய்யலாம்! ஒரு விரல் போதும்!’ பேனருக்கு நேர் கீழே, கவுன்டரில், இக்னேஷியஸ் என்கிற ஐம்பத்தேழு வயது எழுத்தர் அதை அப்படியே நம்பி ஒரே விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

“இது நம்ம பேரு போட்டாலும் தேடுமா?” என்று வல்லரசு உட்கார்ந்தான். கார்குழலி எழுத்தைக் காட்ட, அவன் தன் பெயரை அடித்தான். திரை கொஞ்சம் யோசித்தது.

“அக்காவ்! என்ன பத்தி பதினாலு புக்கு எழுதிக்கீறாங்கோ!”

“என்னத்த எழுதியிருக்கு?”

“இந்தியா எப்போ வல்லரசாகும்னு ஒண்ணு. ஆகுமான்னு ஒண்ணு. ஆகலேன்னா இன்னா பண்றதுன்னு ஒண்ணு. எங்கம்மாவும் இத்தயேதான் கேட்டுகினு கீது.”

தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. திரையையே பார்த்தாள். “எழுத்து ஒண்ணா இருந்தாப் போதும், ஆளு யாருன்னு இதுக்குத் தெரியாது. அப்படித்தான?”

“மிஷினுக்கு இன்னாக்கா தெரியும்?”

“அதத்தாம் கேக்குதேன்.” கார்குழலி பக்கம் திரும்பினாள். “ஏட்டி, அந்தப் புத்தகத்த நீ எப்பவாவது தேடினியா?”

“தேடாமயா? அது இல்லாம என் மூணாவது அத்தியாயமே நிக்காது மேடம். ஜூலைல இந்த மிஷின்ல தேடினேன். வெளிய போயிருக்குன்னு வந்துச்சு. முன்பதிவு போட்டேன். ஒத்துக்கல. மூணு தடவ போட்டேன்.” ஃபைலைத் துழாவி மூன்று துண்டுச் சீட்டுகளை எடுத்தாள். ஓரத்தில் ஓட்டை போட்ட பிரின்டர் காகிதம். மூன்றிலும் ஒரே வரி, இங்கிலீஷில்: இந்தப் புத்தகம் ஏற்கெனவே தங்களிடம் உள்ளது. “மிஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். கவுன்டர்ல கேட்டா, புது மிஷினு, போகப் போக சரியாயிடும்னாங்க. காத்துட்டிருந்தேன். அப்புறம் அந்தப் புத்தகம் இல்லாமலேயே எழுதி முடிச்சுட்டேன்.”

தங்கபுஷ்பம் சீட்டுகளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மற்றவர்கள் ஆதாரத்தைக் கவரில் போடுவார்கள். இவளுக்கு முந்தானைதான்.

“வல்லரசு. தட்டுல தோசைய வெச்சுக்கிட்டு எவனாவது தோசைக்கு வரிசையில நிப்பானா?”

“ரெண்டாவது தோசைக்கு நிப்பான்.”

“ஊர்லயே ஒரே ஒரு தோசதாம்ல இருக்கு.”

வல்லரசு யோசித்தான். “அப்ப நிக்க மாட்டான்.”

“நிக்க மாட்டாம்லா? இவ மூணு தடவ நின்னிருக்கா. புத்தகம் இவ கையில இல்ல. மிஷினு இவ கையில இருக்குன்னு நம்புது. அப்ப கவுன்டர்ல நடந்தது என்னன்னு பாக்கணும். எந்திரி.”

இக்னேஷியஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர்களைப் பார்த்தார். ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதம். முப்பது வருஷம் அட்டையில் எழுதிப் பழகிய கை.

“புத்தகம் எடுத்துட்டுப் போறவங்க கார்டு காட்டணும்லா?” என்றாள் தங்கபுஷ்பம்.

“கண்டிப்பா. கார்டுல கோடு கோடா இருக்கும். அத இந்த லைட்டுல காட்டினா பேரு வந்துடும்.”

“கார்டு கொண்டு வராதவங்க?”

“குடுக்க மாட்டோம்.”

“யாருக்குமே?”

இக்னேஷியஸ் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். “பெரியவங்க சில பேரு இருக்காங்க. அவங்ககிட்ட கார்டு கேக்க முடியுமா? பேர அடிச்சுப் பதிஞ்சுக்குவேன். பதியாம ஒரு புத்தகம் ரேக்க விட்டு நகரக் கூடாதுன்னு கே.டி. சார் ரூல்ஸு போட்டிருக்காரு.”

“நல்ல ரூல்ஸு. எனக்காக ஒரு பேர அடிச்சுக் காட்டுங்க. துரை, கே.”

ஒற்றை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தியது. அதற்குள் சுவர்க் கடிகாரத்தில் மூன்றேகால் ஆகிவிட்டது. வெளியே ஒரு லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடித்துக்கொண்டிருந்தான். கார்குழலி கடிகாரத்தையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

திரையில் பெயர் வந்தது. ஒன்று வரவில்லை, இரண்டு வந்தன. ஒன்றன் கீழ் ஒன்றாக, எழுத்துப் பிசகாமல்.

துரை, கே.
துரை, கே.

“ரெட்டப் புள்ள,” என்றான் வல்லரசு.

“மேல இருக்கறது நான்,” என்றாள் கார்குழலி. “ஆய்வு மாணவின்னு போட்டிருக்கு பாருங்க.”

“கீழ இருக்குறது?”

வல்லரசு கவுன்டர் மேல் எக்கி, பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தான். படித்துவிட்டு இறங்கினான். பித்தளைப் பலகை மாட்டிய கதவைப் பார்த்தான். அவனுக்குச் சந்தோஷத்தில் வார்த்தையே வரவில்லை. நாலு வருஷத்தில் அது முதல் தடவை.

“இயக்குநர்னு போட்டுக்கீது,” என்றான் கடைசியில்.

“கே.டி. சாரோட முழுப் பேரு என்ன?” என்று தங்கபுஷ்பம் இக்னேஷியஸைக் கேட்டாள்.

“கே. துரை. கந்தசாமி துரை. கே.டி.” சொல்லும்போதே அவர் குரல் தேய்ந்தது. விரல் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. “யேசுவே.”

“இவளுக்கு அப்பா பேரு துரை. அவருக்கு அவரு பேரே துரை. வெளியூரு சாஃப்ட்வேருக்கு ரெண்டும் ஒண்ணு,” என்றாள் தங்கபுஷ்பம். “ஜூன் பன்னெண்டு. கழுத்து வலி. யோசிச்சுச் சொல்லுங்க.”

“டாக்டரு சொல்லியிருந்தாரு,” என்றார் இக்னேஷியஸ். “கம்ப்யூட்டரு கண்ணுக்கு நேரா இருக்கணும், குனியக் கூடாதுன்னு. சாரு உள்ளேருந்து போன் பண்ணாரு. ‘இக்னேஷியஸ், தடியா ஏதாவது ஒண்ணு கொண்டு வா’ன்னாரு. பக்கத்து ரேக்குல கைக்குக் கிடைச்சத எடுத்தேன். என்ன புத்தகம்னு பாக்கலம்மா, தடியா இருந்துச்சு. சார் ரூல்ஸாச்சேன்னு பேர அடிச்சேன். மேல இருந்தத அழுத்தினேன். புது மிஷினு. ரெண்டு துரை இருப்பாங்கன்னு நான் நெனச்சேனா?” அவர் கார்குழலியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

மூன்று இருபத்தைந்துக்கு அவர்கள் கே.டி. சாரின் அறைக்குள் மறுபடி நுழைந்தார்கள். இந்த முறை யாரும் அனுமதி கேட்கவில்லை.

“கிடைத்ததா?” என்றார் அவர்.

“கிடைச்ச மாதிரிதாம் சார். நீங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது.” தங்கபுஷ்பம் தலையைச் சாய்த்து மேசையைப் பார்த்தாள். “அதுக்கு அடியிலயும் ஒருக்கா பாத்துருவோம். வல்லரசு, தூக்கு.”

“எது? அதைத் தொடாதே! ஒயர்...”

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் டிவி பெட்டி கனம் இருக்கும். வல்லரசு அதை இரண்டு கையாலும் அணைத்து நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினான். கோல்கீப்பருக்கு எதையும் கீழே விடாமல் பிடிக்க மட்டும் மறக்காது. தங்கபுஷ்பம் ஊதாத் துணியை உருவினாள்.

தோல் அட்டை போட்ட, இரண்டு செங்கல் கனமுள்ள புத்தகம் மூன்று மாதமாகப் படுத்திருந்த இடத்தில் படுத்திருந்தது. அட்டையில் மானிட்டர் காலின் வட்டம் பதிந்திருந்தது.



“இதை யார் இங்கே வைத்தது?” என்றார் கே.டி. சார்.

“நீங்க கேட்டீங்க, நான் வெச்சேன் சார்,” என்றார் வாசலில் நின்ற இக்னேஷியஸ்.

“மேசைக்கு வரணும்னீங்க,” என்றாள் தங்கபுஷ்பம். “வந்து மூணு மாசம் ஆகுது.”

“அக்கா, இது வெயிட்டா கீதுக்கா,” என்றான் வல்லரசு, கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து.

கார்குழலி யார் பேச்சையும் கேட்கவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தாள். மடித்து வைத்த வரைபடம் ஒன்று விரிந்தது. அலைதடுப்புச் சுவர், பாறைகள், பாறை சுமந்தவர்களின் குடிசை வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் எண். அவள் விரல் அந்த எண்களின் மேல் போனது. ஜூலையிலிருந்து அவள் தேடியது, இந்த அறையில் அவள் வந்து அழுது நின்ற மேசை மேலேயே இருந்திருக்கிறது. அந்த ஆத்திரத்தில் அவள் கண் நிறைந்துவிட்டது. புத்தகத்தில் சொட்டிவிடக் கூடாதே என்று புறங்கையால் துடைத்தாள்.

அப்புறம் வேலைகள் வேகமாக நடந்தன. இக்னேஷியஸ் பதிவை மேல் துரையிடமிருந்து கீழ் துரைக்கு மாற்றினார். பிரின்டர் கிர்ரென்று கத்திச் சான்றிதழைத் துப்பியது. ‘துரை, கே. என்பவரிடம் நூல் ஏதும் நிலுவையில் இல்லை’ என்றது அது. கே. துரை என்று கீழே கையெழுத்து விழுந்தது. தங்கபுஷ்பம் விடவில்லை. எந்தத் துரை என்று நாளைக்கு ஒருத்தர் கேட்பார், கையால் எழுதுங்கள் என்றாள். கே.டி. சார் பேனாவைத் திறந்து ‘து. கார்குழலி’ என்று அடைப்புக்குள் எழுதி முத்திரை குத்தினார்.

“நடந்தது நடந்துவிட்டது,” என்றார். “அந்தப் பட்டியலை இப்போதே எடுத்துவிடச் சொல்கிறேன்.”

“எடுக்காதீங்க சார்,” என்றாள் கார்குழலி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“இன்னைக்கு எடுத்தீங்கன்னா, போலீசுக்குப் பயந்து நான் கொண்டாந்து குடுத்துட்டேன்னுதான் சொல்லுவாங்க. பதினோரு நாளு என் பேருன்னு சொல்லித் தொங்கவிட்டீங்க. இன்னும் பதினோரு நாளு தொங்கட்டும். அது யாருன்னு படிக்கறவங்களுக்குப் புரியற மாதிரி, நீங்களே பக்கத்துல எழுதிடுங்க.”

கே.டி. சார் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மூன்று சீட்டுகளையும் எண்ணுவது போல விரித்துப் பார்த்தாள். துணைவேந்தர் அறை மாடியில்தான் இருந்தது.

அவர் வெளியே வந்தார். பலகை முன்னால் நின்றார். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எழுந்து வந்துவிட்டார்கள். ‘துரை, கே.’ என்ற பெயருக்குப் பக்கத்தில் பேனாவை வைத்து யோசித்தார். கே. துரை என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. முழுப் பெயர் இந்த வளாகத்தில் இக்னேஷியஸைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. கடைசியில், எல்லோருக்கும் தெரிந்த அந்த இரண்டே எழுத்தை எழுதினார்.

வல்லரசு எழுத்துக் கூட்டி, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தான்.

“கே...டி.”

தங்கபுஷ்பம் பட்டியலுக்குக் காவலாக அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ள, வல்லரசு கார்குழலியை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், சந்து கிடைத்த இடத்தில் எல்லாம் புகுந்து, இரண்டு இடத்தில் வண்டியை இறங்கித் தள்ளி, நான்கு ஐம்பத்தொன்றுக்கு எண்ணூர்க் கல்லூரி அலுவலகத்தில் மூச்சிரைக்க நின்றார்கள்.

எழுத்தர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “யாரும்மா துரை?”

“எங்க நைனா சார்,” என்றாள் கார்குழலி. இந்தத் தடவை அதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது. “அடைப்புல இருக்கறது நானு.”

எழுத்தர் தடித்த நோட்டைத் திறந்து, கையாலேயே அவள் முழுப் பெயரையும் எழுதி, எதிரே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள்.

“இன்னொரு துரையும் கீறாரு சார்,” என்றான் வல்லரசு, சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. “அவுர தெரியணும்னா போர்டுலதான் பாக்கணும்.”